நீ சொல்லாமல் விட்ட வரி

செந்தில்,

தமிழில் எழுதுகிறேனே என்று சலித்துக்கொள்ளாதே. ஆங்கிலத்தில் எழுதினால் உன் கண் நேராகக் கடைசி வரிக்கு ஓடிவிடும். வங்காளத்தில் எழுத எனக்கு வராது. இத்தனை வருடம் கல்கத்தாவில், இந்தப் பெஹாலாவில் குடியிருந்தும் மீன்காரரிடம் பேரம் பேசுகிற அளவோடு என் வங்காளம் நின்றுவிட்டது. தமிழ் என்றால் நீ எழுத்துக் கூட்டி, சுழித்த எழுத்துகளில் தடுக்கி விழுந்து, நிதானமாகத்தான் படிப்பாய். அந்த நிதானம்தான் எனக்கு வேண்டும். நேரில் சொல்லலாம் என்றால் இரண்டாவது வாக்கியத்திலேயே "தூர் மா!" என்று அலுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவாய். நல்ல காலமாக ஆபீஸ் வேலையாகப் புவனேஸ்வர் போயிருக்கிறாய். சனிக்கிழமை நீ வரும்போது இது உன் மேசைமேல் இருக்கும். ரயில் களைப்புத் தீரக் குளித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, அப்புறம் உட்கார்ந்து படி.

நம் ஞாயிற்றுக்கிழமைகளில் இருந்து தொடங்குகிறேன். கனடாவில் மேல்படிப்பு படிக்க வேண்டும் என்று அந்த நுழைவுத் தேர்வைப் போன வருடம் ஒரு தடவை எழுதினாய், மதிப்பெண் போதவில்லை. கணக்கில் நீ சூரன். உன்னைக் காலை வாரிவிட்டது தர்க்கக் கேள்விகள். ஒரு சின்னப் பத்தி. அதில் யாரோ ஒருவர் எதையோ சொல்லி, ஆகவே இப்படித்தான் என்று அடித்துச் சொல்லுவார். கீழே ஐந்து விடை. எது அவர் வாதத்தைப் பலவீனமாக்கும், எது பலப்படுத்தும், அவர் எதைச் சொல்லாமலே நம்பிக்கொண்டிருக்கிறார் என்று கேட்பார்கள். இரண்டாம் தடவைக்குப் படிக்க ஆரம்பித்தபோது நீயே என்னைக் கூப்பிட்டாய். "மா, நீ ஆபீஸ்ல க்ளெயிம் பேப்பர்ல செய்யறதும் இதுதானே, வந்து உக்காரு" என்றாய். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. முப்பது வருடமாக இன்ஷூரன்ஸ் கம்பெனியில், தீப்பிடித்த குடோன்காரர்களும் மழையில் நனைந்த துணிக்கடைக்காரர்களும் எழுதித் தருகிறதைப் படித்துப் படித்துச் சந்தேகப்படுகிறவள் அல்லவா நான், இந்தப் பிள்ளைகள் கேள்வி எம்மாத்திரம் என்று முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். அன்றைக்கு நான் செய்ததில் பாதிக்குமேல் தப்பு.

அந்த ரொட்டிக்கடைக் கேள்வி உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரு ரொட்டிக்கடைக்காரர் அக்டோபர் மாதம் வருகிறவர்களுக்கெல்லாம் இலவசமாகக் காப்பி கொடுக்கிறார். அந்த மாதம் கேக் விற்பனை கூடிவிட்டது. ஆகவே காப்பிதான் விற்பனையைக் கூட்டியது என்கிறார். இதை எது பலவீனமாக்கும்? நான் விடைகளைப் பார்க்கவே இல்லை. "அக்டோபர்ல பூஜை வந்திருக்கும்ல. ஊரே போனஸ் வாங்கிட்டுத் தெருவுல நிக்கும். காப்பி குடுத்தா என்ன, குடுக்காட்டி என்ன?" என்றேன். நீ தலையில் கை வைத்துக்கொண்டாய். "ஆரே மா, அந்தக் கடை அமெரிக்காவுல இருக்கு. அங்க எங்க துர்கா பூஜை?" "அப்ப அங்க வேற ஏதாவது ஒரு பூஜை இருக்கும்" என்றேன் விடாமல். பக்கத்துத் தெருவிலிருந்த இன்னொரு ரொட்டிக்கடை அந்த மாதம் மூடிவிட்டது என்பதுதான் சரியான விடை. நான் சொன்னதும் அதுவும் ஒரே ஜாதிதான், காப்பி இல்லாமல் வேறொரு காரணம். நீயும் அதை ஒப்புக்கொண்டாய். "நீ திருடனைப் பிடிக்கிற மா. ஆனா வரிசையில நிக்கிற அஞ்சு பேரை விட்டுட்டு ஊரெல்லாம் தேடற" என்று சொன்னாய். எனக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது.

உங்கப்பா அதற்குமேல். நாற்காலியை ஓரமாகப் போட்டுப் பேப்பர் படிக்கிற பாவனையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். "அந்த ரொட்டிக்கடைக்காரன் நல்ல மனசோட வாரவனுக்கெல்லாம் காப்பி குடுத்திருக்கான். அவனைப் போயி ஏம்லே மடக்கப் பாக்க?" என்றார். பத்தியில் யார் பேசினாலும் அவர் அந்த ஆள் பக்கம். மேயர் என்றால் பாவம் மேயர், டாக்டர் என்றால் பாவம் டாக்டர். உனக்கோ வேறு கோளாறு. முடிவு என்ன என்று பார்த்ததும் உன் மனதுக்கு அது பிடித்துப் போனால், நடுவில் இருப்பதைத் தாவிவிடுவாய். வாதம் செய்கிறவர் குரலை உயர்த்தி உறுதியாகச் சொன்னால் நீ நம்பிவிடுவாய். நான் எழுதியிருக்கிறதை விட்டுவிட்டு எழுதாததைத் தேடுவேன், அப்பா ஆளைப் பார்ப்பார், நீ முடிவைப் பார்ப்பாய். மூன்று பேரையும் சேர்த்துப் பிசைந்தால் ஒரு ஒழுங்கான புத்தி வரும் என்று நான் சொன்னதற்கு அன்றைக்கு நாம் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டில் நீ சித்தி முறை வைத்துக் கூப்பிடுகிற காக்கிமா பால்கனிக்கு வந்து, என்ன விசேஷம் என்று கேட்டுவிட்டுப் போனார்.

அப்புறம் ஒரு நாள் நீ எனக்கு அந்தத் தந்திரத்தைச் சொல்லிக் கொடுத்தாய். அனுமானம் எது என்று கேட்கிற கேள்விக்கு ஒவ்வொரு விடையையும் மறுத்துப் பார்க்க வேண்டும் என்றாய். எதை மறுத்தால் வாதம் சரிந்து விழுகிறதோ, அதுதான் அவர் சொல்லாமல் விட்ட வரி. நூலகக் கேள்வியை வைத்து விளக்கினாய். ஞாயிற்றுக்கிழமையும் நூலகத்தைத் திறந்து வைக்கப் போகிறார்கள், ஆகவே வேலைக்குப் போகிறவர்கள் இனி நிறையப் படிப்பார்கள். சொல்லாமல் விட்டது, அவர்கள் இதுவரை வராததற்குக் காரணம் நேரமின்மை என்பது. அதை மறுத்துப் பார். நேரமிருந்தும் அவர்களுக்கு வர விருப்பமில்லை என்று வைத்துக்கொள். ஞாயிறு என்ன, தீபாவளிக்குத் திறந்து வைத்தாலும் ஈதான் ஓட்ட வேண்டும். எனக்கு அன்றைக்கு உண்மையிலேயே பிரமிப்பாக இருந்தது, செந்தில். ஒரு பேச்சு எங்கோ இடிக்கிறது என்று எனக்கு எப்போதும் தெரியும். எந்த இடத்தில் இடிக்கிறது என்று விரல் வைத்துச் சொல்ல எனக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. பிள்ளையிடம் கற்றுக்கொள்கிறோமே என்று கூச்சமாக இல்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது.

அதற்குப்பின் வீட்டில் ஒரு பேச்சையும் நான் சும்மா விட்டதில்லை. மீன்காரர் என்னை அக்கா முறை வைத்து "தீதி" என்று கூப்பிடுகிறார், ஆகவே எனக்குப் பழைய மீன் தரமாட்டார் என்று பல வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். தீதி என்று கூப்பிடுகிறவர் பழைய மீன் விற்கமாட்டார் என்பது நான் சொல்லாமல் விட்ட வரி. மறுத்துப் பார்த்த அன்றைக்கே செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்க ஆரம்பித்துவிட்டேன். "நீ இவளுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தாலும் குடுத்த, நான் பல்லு வெளக்கிட்டேன்னு சொன்னாக்கூட ஆதாரம் கேக்கா" என்று உங்கப்பா உன்னிடம் புகார் செய்தார்.

இதெல்லாம் அவருடைய கை நடுங்க ஆரம்பித்ததற்கு முன்னால். நம் தெருவில் எந்த வீட்டு மிக்ஸி நின்றாலும் தாதா, தாதா என்று அண்ணன் முறை சொல்லிக்கொண்டு இவரிடம்தான் கொண்டுவருவார்கள். துறைமுகப் பட்டறையில் காலமெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டிய கை. ஓய்வுபெற்ற பிறகு அந்தக் கைக்குச் சின்னச் சின்ன வேலை கிடைத்ததில் அவருக்குச் சந்தோஷம். திருகாணி கீழே விழுந்தபோது கண்ணாடியைக் குறை சொன்னார். கண்ணாடியை மாற்றிக் கொடுத்ததும் விளக்கு வெளிச்சத்தைக் குறை சொன்னார். கட்டைவிரல் தன்பாட்டுக்கு ஆள்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டிருப்பதை நான்தான் முதலில் கவனித்தேன். நீ தேர்வு எழுதப் போவதற்கு முந்தைய வாரம் பவானிபூர் டாக்டர் அதற்குப் பெயர் வைத்தார். மருந்து இருக்கிறது, பல வருடம் நன்றாகவே ஓட்டலாம், ஆனால் இது திரும்பிப் போகிற வியாதி இல்லை என்று நிதானமாக விளக்கினார். டாக்ஸியில் வரும்போது, "நல்லவேளை, கையோட போச்சு. நெஞ்சுலயோ தலையிலயோ வந்திருந்தா என்ன செய்ய?" என்று அப்பாதான் நமக்குத் தைரியம் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அவர் செருப்பை நீ குனிந்து கழற்றப் போனாய், அவர் காலை இழுத்துக்கொண்டார்.

தேர்வன்று சால்ட் லேக் தேர்வு மையத்திலிருந்து சாயங்காலம் வந்தாய். தேர்வு முடிந்த கையோடு மதிப்பெண் திரையிலேயே வந்துவிடும் என்று நீ முன்னமே சொல்லியிருந்ததால் நான் கதவைத் திறந்ததும் உன் முகத்தைத்தான் பார்த்தேன். "ஹோலோ நா, மா. இந்தத் தடவையும் ஸ்கோர் வரல. விடு, நமக்கு இது சரிப்படாது" என்றாய். அப்பா உன் தோளில் தட்டினார். நான் உள்ளே போய்ச் சோறு போட்டேன். கட்லா குழம்பை ஊற்றி ஊற்றிச் சாப்பிட்டாய், வாலைக்கூட விடவில்லை.

அங்கேதான் எனக்கு இடித்தது. போன வருடம் நிஜமாகவே மதிப்பெண் வராதபோது நீ எப்படி இருந்தாய் என்று இந்த வீட்டுச் சுவருக்குக்கூடத் தெரியும். கதவைச் சாத்திக்கொண்டாய், தட்டைத் தள்ளிவிட்டாய், டிவி சத்தத்துக்கு அப்பாவிடம் எரிந்து விழுந்தாய், தெருமுனைக் கிளப்காரர்கள் போட்ட மைக்கைத் திட்டினாய். இந்தத் தடவை மறுநாளே கடையில் போய் ஒரு கைப்பிடிக் கம்பி வாங்கிவந்து குளியலறைச் சுவரில் துளைபோட்டு மாட்டினாய். சரி, பிள்ளைக்கு வயது கூடியிருக்கிறது, துக்கத்தை விழுங்கப் பழகிவிட்டான் என்றும் இதற்கு ஒரு விளக்கம் சொல்லலாம். நான் அதையும் யோசித்தேன். ஒரு க்ளெயிம் பொய் என்று எழுதுவதற்கு முன் அது நிஜமாக இருக்க என்னென்ன வழி உண்டு என்று பார்க்காமல் நான் பேனாவை எடுக்கிறதில்லை. அதனால் அந்த நேரத்தில் எனக்கு வந்தது சந்தேகம் மட்டும்தான்.

சந்தேகம் தீர்ந்தது எதிர்வீட்டுக் காக்கிமா மகள் மிட்டுவால். அவளும் அடுத்த வருடம் எழுதப் போகிறாள் என்று உன் புத்தகங்களையெல்லாம் அவளுக்குக் கொடுத்து, நம் சாப்பாட்டு மேசையில் உட்கார்த்தி வைத்துப் பாடம் எடுத்தாய். நான் சமையலறையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். என் வங்காளம் மட்டம்தான், ஆனாலும் பிள்ளை பேசுகிறது எந்தத் தாய்க்கும் விளங்கும். ஒரு படு கஷ்டமான கேள்வியைக் காட்டி, "இந்த மாதிரிதான் எனக்கு வந்துக்கிட்டே இருந்துச்சு, ஒண்ணு முடிஞ்சா இன்னொண்ணு, மூச்சு விட முடியல" என்று அவளிடம் அத்தனை ருசித்துச் சொன்னாய். ஒருவன் சரியாக எழுத எழுதக் கம்ப்யூட்டர் அவனுக்குக் கஷ்டமான கேள்வியாகப் பொறுக்கிக் கொடுக்கும், தப்பாக எழுதினால் லேசான கேள்வியாக இறங்கிவிடும் என்று என்னிடம் சொன்னதும் நீதான். போன வருடம் எல்லாம் லேசாகவே வந்தது, அதிலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று என்று அழுதவனும் நீதான். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இதில் நான் வெளியிலிருந்து ஒரு பூஜையையும் கொண்டுவரவில்லை, செந்தில். இரண்டும் உன் வாயால் வந்த கூற்று. உனக்கு மதிப்பெண் வந்திருக்கிறது. நன்றாகவே வந்திருக்கிறது.

உன் லேப்டாப் எப்போதும் திறந்தேதான் கிடக்கும், அதில் நான் கை வைக்கவில்லை. விண்ணப்பம் அனுப்ப இந்த மாதக் கடைசி வரைக்கும் நேரம் உண்டு என்று நீயே முன்பு சொல்லிக்கொண்டிருந்தாய், அதைப் பற்றியும் இதுவரை கேட்கவில்லை. ஏன் இத்தனை நாள் சும்மா இருந்தாய் என்று நீ கேட்பாய். சொல்லிவிடுகிறேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் பிள்ளை எங்களுக்காகப் பொய் சொல்லியிருக்கிறான், எங்கேயும் போகமாட்டான், ராத்திரி சாப்பாட்டுக்கு மூன்று தட்டு வைக்கலாம் என்று நினைத்து ஆபீஸ் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டேன். உன்னைத் தட்டிக்கேட்டால் நீ போய்விடுவாய் என்று பயந்து வாயை மூடிக்கொண்டு, தினமும் உனக்குப் பிடித்ததாகச் சமைத்தேன். நான் செய்தது நியாயம் இல்லை என்று தெரிந்தேதான் செய்தேன்.

சரி, இப்போது உன் வாதத்துக்கு வருவோம். நீ அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, நான் எழுதுகிறேன். அப்பாவுக்குக் கை நடுங்குகிறது. அது இன்னும் கூடும். ஆகவே நான் கல்கத்தாவை விட்டுப் போகக்கூடாது. இதைப் பலவீனமாக்குகிறதை முதலில் சொல்கிறேன். காலையில் எட்டு மணிக்கு நீ பஸ் பிடித்தால் சால்ட் லேக் ஆபீஸ் போய்ச் சேருவதற்குள் பாதி உயிர் போய்விடுகிறது, வீடு திரும்ப ஒன்பதாகிறது. அப்பா பகலெல்லாம் தனியாகத்தான் இருக்கிறார், நீ கல்கத்தாவில் இருந்தாலும் கனடாவில் இருந்தாலும். அடுத்த வருடம் நான் ஓய்வுபெற்றுவிடுவேன், அப்புறம் அவரோடு சண்டை போட நாள் முழுக்க ஆள் இருக்கும். இன்னொன்று, படிப்பு இரண்டே வருடம். மருந்தோடு நன்றாக இருக்கக்கூடிய வருடங்கள் இதுதான் என்று டாக்டரே சொன்னார். நீ போகவேண்டும் என்றால் இப்போதுதான் போகவேண்டும், அவர் தானாக எழுந்து தானாகக் குளிக்கிற காலத்தில்.

உன் பக்கத்து நியாயத்தை நான் மறைக்கவில்லை. ராத்திரி திடீரென்று ஏதாவது என்றால் நான் ஒருத்தி. நம் சொந்தக்காரர்கள் எல்லாரும் தூத்துக்குடியில், ரயிலேறினால் இரண்டு ராத்திரி. காக்கிமாவும் மிட்டுவும் ஓடிவருவார்கள், ஆனாலும் அவர்களிடம் எத்தனை தடவை போய் நிற்பது? மழைக்காலத்தில் நம் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது அவரை எப்படி வெளியே கூட்டிப்போவேன் என்று எனக்கே தெரியவில்லை. உன் வாதம் மோசமான வாதம் இல்லை. அதனால்தான் இத்தனை பக்கம் எழுத வேண்டியிருக்கிறது.

உன் பெரிய மாமாவைப் பற்றி உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். பம்பாயில் நல்ல வேலை கிடைத்தும், அம்மாவைத் தனியாக விடமாட்டேன் என்று ஊரிலேயே நின்றுவிட்ட மனிதன் என் அண்ணன். தங்கமான பிள்ளை என்று ஊரே சொன்னது, நானும் சொன்னேன். அம்மாவைக் குளிப்பாட்டினான், தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி போனான், ஒரு குறை வைக்கவில்லை. ஆனால் குழம்பில் உப்பு ஒரு கல் கூடிவிட்டால் போதும், "ஒனக்காகத்தானே எல்லாத்தையும் விட்டுட்டு இங்க கெடக்கேன்" என்று ஒரு சொல் வந்து விழும். அவன் கெட்டவன் இல்லை, அசதியில் வருகிற சொல்தான். அம்மா கடைசிவரை அவன் வீட்டில் விருந்தாளி மாதிரி, போட்டதைச் சாப்பிட்டுக்கொண்டு, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று வாய்திறந்து கேட்காமல் இருந்தாள். லீவுக்குப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்துவிட்டு வருவேன். யாரிடம் என்ன சொல்ல முடியும்? இரண்டு பேருமே நல்லவர்கள்.

நீ மாமா மாதிரி ஆகிவிடுவாய் என்று நான் சொல்லவில்லை. நீ சொல்லாமல் விட்ட வரி எது என்று தேடும்போது இது நினைவுக்கு வந்தது. நீ நின்றால் அப்பாவுக்கு நல்லது, இதுதான் அந்த வரி. நீ அதை மனதுக்குள்கூடச் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமே இல்லாத அளவுக்கு நம்பிவிட்டாய். நானும் நம்பித்தான் இருந்தேன். மறுத்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தபோதுதான், இதற்கு விடை சொல்லக்கூடியவரை நாம் இரண்டு பேருமே ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று உறைத்தது.

அதனால் நேற்றுக் காலையில் பால்கனியில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். உனக்கு மதிப்பெண் வந்ததையும் நீ மறைத்ததையும் எனக்கு எப்படித் தெரிந்தது என்பதையும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "எனக்கும் தெரியும். அந்தக் கம்பியை மாட்டும்போது பய பாட்டு முணுமுணுத்துக்கிட்டே மாட்டுதான். தோத்தவனுக்கு எங்கெருந்து பாட்டு வரும்?" என்றார். ஆளைப் பார்க்கிறவர் அல்லவா, அவர் வழியில் அவரும் கண்டுபிடித்திருக்கிறார். எனக்குத் தெரியக்கூடாது என்று அவரும், அவருக்குத் தெரியக்கூடாது என்று நானும், ஒரே வீட்டில் இத்தனை நாள் நாடகம் ஆடியிருக்கிறோம்.

"அவன் இங்கேயே இருந்தா உங்களுக்கு நல்லதுதானே?" என்று கேட்டேன். நீ கற்றுக்கொடுத்தபடி மறுத்துக் கேட்டிருக்க வேண்டும், நேராகவே கேட்டுவிட்டேன். அவர் சொன்னார்:

"நீ ஒண்ணு கவனிச்சிருக்கியா? அவன் ரூமுக்குள்ள வந்த ஒடனே நான் வலது கைய எடுத்துத் தொடைக்குக் கீழ வச்சு அமுக்கிக்கிடுதேன். அவன் எந்திரிச்சுப் போற வரைக்கும் எடுக்கிறதில்ல. எனக்காக நிக்கான்னு தெரிஞ்சுட்டா, அவன் முன்னால நான் கொறையவே கூடாதுல்லா? நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு நாள் பூரா காட்டணும். அது இந்த வியாதியவிடக் கஷ்டமா இருக்கு. அவன் போயி படிக்கட்டும். நான் எம்பாட்டுக்கு நிம்மதியா நடுங்கிக்கிடுதேன்."

அவ்வளவுதான் சொன்னார். நான் அழுததை உன்னிடம் சொல்லக்கூடாது என்றார், இதோ சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போய்த் தேநீர் போட்டேன். சிந்திவிடக்கூடாது என்று டாக்டரிடம் போய்வந்த நாளிலிருந்து அவருக்குப் பாதிக் கப்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன், அவரும் இது ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நேற்று விளிம்புவரை ஊற்றிக் கொடுத்தேன். கப் தட்டில் கடகடவென்று ஆடியது, பாதி சட்டையில் போயிற்று, ஈரச் சட்டையோடு அவர் மீதியைக் கடைசிச் சொட்டுவரை ரசித்துக் குடித்தார். குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று கேட்டார்.

அம்மா